முதுகில் ஒரு சாட்சி

"உடம்பைச் சுவருன்னு நினைச்சுக் கிறுக்கிக்கிட்டுத் திரியற கூட்டம் அது. அதுல ஒருத்தன்தான் என் தம்பியைக் கொன்னான். யாருன்னும் எனக்குத் தெரியும். அவன் சொல்ற பொய்யை உடைக்கத்தான் உங்களைக் கூப்பிட்டேன். வேற எதையும் நீங்க நோண்ட வேண்டாம்."

செத்துப்போன போட்டோக்காரரின் அக்கா கண்காட்சிக் கூடத்தின் நடுவில் நின்றுகொண்டு இதைச் சொன்னாள். வந்தவர்களை உட்காரச் சொல்லவில்லை. மூலையில் நாலு நாற்காலிகள் சும்மாதான் கிடந்தன.

மாப்பிள்ளைக்கு மூக்கு விடைத்தது. அத்தையோ காதில் விழுந்த மாதிரியே காட்டிக்கொள்ளாமல், சுவரில் மாட்டியிருந்த படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு போனார்.

ஊருக்கு அவர் பழைய டிராயிங் டீச்சர். பள்ளிக்கூடத்தில் காணாமல் போனதையெல்லாம் கண்டுபிடித்துக் கொடுத்தே பேர் வாங்கி, ஓய்வு பெற்ற பிறகு அதையே தொழிலாக்கிக்கொண்டவர். மாப்பிள்ளை அவருடைய ஒரே மகளின் கணவன். வேலை போய் வீட்டில் உட்கார்ந்திருந்தபோது, "வேற வேலை கிடைக்கற வரைக்கும் எனக்குத் துணைக்கு வாங்க மாப்பிள்ளை" என்று அத்தை கூப்பிட்டார். வேறு வேலை இன்னும் கிடைக்கவில்லை. அவனும் தேடி ஓடவில்லை.

"ஏம்மா, உங்க தம்பியே பச்சை குத்தின ஆளுங்களைத்தானே படம் பிடிச்சு மாட்டியிருக்காரு? சுவர் முழுக்கக் கையும் காலும் கழுத்துமா இருக்கு. கசாப்புக்கடைக்குள்ள வந்துட்டோமோன்னு ஒரு நிமிஷம் பயந்துட்டேன்" என்றான் மாப்பிள்ளை.

அக்கா அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "இவரு யாரு?"

"என் மருமகன். வாயை மட்டும் வீட்டுல வெச்சிட்டு வரச் சொன்னேன், மறந்து எடுத்துட்டு வந்துட்டாரு" என்றார் அத்தை திரும்பாமலே.

விஷயம் இதுதான். ஊர் ஊராகப் போய்ப் பச்சை குத்திக்கொண்டவர்களைப் படம் எடுப்பது போட்டோக்காரரின் பைத்தியம். தோலில் வரைவதும் ஓவியம்தான், வரைந்தவனும் ஓவியன்தான் என்று சொல்லிக்கொண்டு, சொத்தில் பாதியை அதிலேயே அழித்தார். முந்தாநாள் மாலை இந்தக் கூடத்தில் திறப்பு விழா நடக்க வேண்டியது. அன்று மதியமே அவர் ஏணிக்கடியில் பின்மண்டை உடைந்து கிடந்தார். பக்கத்தில் அவருடைய கேமரா ஸ்டாண்டு, கால் வளைந்து கிடந்தது. ஏணியிலிருந்து விழுந்தவனின் தலைக்கும் ஸ்டாண்டின் வளைந்த காலுக்கும் என்ன சம்பந்தம் என்று போலீஸ் யோசித்தது. யோசித்ததும் எல்லோர் வாயிலும் வந்த பேர், லாரி டிரைவர்.

அதற்கும் காரணம் இருந்தது. முதல் நாள்தான் டிரைவர் இங்கே வந்து, தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்திவிட்டுப் போயிருந்தான். "என் முதுகை யாரைக் கேட்டுய்யா இவ்ளோ பெருசா மாட்டின? நீயா இறக்கு. இல்லேன்னா நான் உன்னை இறக்கிடுவேன்!" அடிதடியில் ஒரு முறை உள்ளே போய்விட்டு வந்தவன் வேறு. கேட்க வேண்டுமா?

ஆனால் அவனிடம் ஒரு பதில் இருந்தது. கொலை நடந்த மதியம் முழுக்க அவன் பச்சை குத்துகிற மாஸ்டரின் கடையில் குப்புறப் படுத்துக் கிடந்தானாம். மாஸ்டரும் ஆமாம் என்றார். போலீஸ் போய்ப் பார்த்தபோது அவன் முதுகில் ரத்தம் கசிந்துகொண்டிருந்தது. அதற்கு மேல் என்ன செய்ய முடியும்?

"மாஸ்டரும் அவனும் கூட்டு. ரெண்டு பேரும் ஒரே குட்டையில ஊறின மட்டைங்க" என்றாள் அக்கா.

அத்தை கூடத்தின் கடைசிச் சுவருக்குப் போய்விட்டிருந்தார். அங்கேதான் அந்த முதுகு இருந்தது. ஆள் உயரத்துக்கு மேல். இரண்டு தோள்பட்டைகளுக்கும் நடுவே ஒரு திமிங்கிலத்தின் தலை. முதுகெலும்போடு அதன் உடம்பு வளைந்து இறங்க, இரண்டு பக்கமும் அலை சுருண்டது. மாப்பிள்ளை வாயை மூடிக்கொண்டான். அலையின் மேல் ஈரம் தெரிந்தது. மையால் போட்ட ஈரம். தொட்டால் விரலில் ஒட்டும் போலிருந்தது.

"மாப்பிள்ளை, இங்க வாங்க. தலையில நிழலுக்குப் போட்டிருக்கற சின்னச் சின்னக் கோடு எந்தப் பக்கம் சாய்ஞ்சிருக்கு?"

"வலப்பக்கம்."

"அலையில?"

அவன் கிட்டே போய்ப் பார்த்தான். "இடப்பக்கம். ஏன் அத்தை, காத்து மாறி அடிச்சிருக்குமோ?"

அத்தை படங்களின் அடியைக் காட்டினார். ஒவ்வொரு படத்தின் கீழும் சின்னப் பித்தளைத் தகடு. படத்தில் இருப்பவர் பேர், அதன் கீழே பச்சை குத்தியவர் பேர். திமிங்கிலத்தின் கீழே மட்டும் தகடு இல்லை. தகடு மாட்டுவதற்கான இரண்டு ஆணிகள் மட்டும் இருந்தன.

"இந்தத் தகடு எங்கம்மா?"

"எனக்கென்ன தெரியும்? செய்ய மறந்திருப்பான். அவன் புத்தி அன்னைக்கு வேற எங்கயோ இருந்துச்சு." அக்கா உதட்டைக் கடித்தாள். பிறகு, சொல்லக் கூசுகிற மாதிரி சொன்னாள். "காலையில போன் பண்ணினான். 'இன்னைக்கு ஒரு பொண்ணை மேடையில ஏத்தப்போறேன்க்கா, ஊரே வாயைப் பொளக்கும்'னான். எவளையோ வெச்சிருந்திருக்கான். அதையும் தோண்டித் துருவி என் மானத்தை வாங்காதீங்க. டிரைவரோட பொய்யை மட்டும் உடைங்க."

"உடைச்சிடலாம். ஆனா உடையறது அவனோட பொய்யா இருக்கணுமே" என்றார் அத்தை.

வாசலில் இன்ஸ்பெக்டர் ஜீப்பில் சாய்ந்து நின்றிருந்தார். இவர்களைக் கண்டதும் சிரித்தார். நல்ல சிரிப்பு இல்லை.

"என்ன டீச்சர், பள்ளிக்கூடம் லீவா?"

"கோடு ரெண்டு விதமா சாய்ஞ்சிருக்கு சார்."

"கோடா? படுக்கறவன் தலைமாடு கால்மாடு மாறிப் படுத்தா கோடும் மாறும். இதெல்லாம் கோர்ட்டுல சொன்னா ஜட்ஜ் என்னைத்தான் மாறிப் படுக்கச் சொல்வாரு. போய்ப் பேரப்பிள்ளைக்குப் படம் வரையக் கத்துக்குடுங்க."

"பேரப்பிள்ளை இன்னும் பொறக்கலை சார். பொறந்ததும் மொதல்ல உங்களைத்தான் வரையச் சொல்றேன். வட்டம் போட்டுப் பழகறதுக்கு வசதி" என்றான் மாப்பிள்ளை அவர் தொந்தியைப் பார்த்தபடி. அத்தை அவன் முழங்கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நடந்தார்.

மாஸ்டரின் கடை இரண்டு தெரு தள்ளி இருந்தது. கடையின் பின்கதவு ஒரு சந்தில் திறக்கும். சந்தில் புகுந்தால் கண்காட்சிக் கூடத்தின் பின்சுவர். அத்தை சுற்றி வராமல் அந்தச் சந்து வழியாகவே நடந்து பார்த்தார்.

கடைவாசலில் டிரைவரே உட்கார்ந்திருந்தான். சட்டை போடவில்லை. மாஸ்டருக்கு வேலிபோல் அவன் காவல் இருப்பது பார்த்தாலே தெரிந்தது. இடது கண்ணுக்குக் கீழே கன்றிப்போயிருந்தது. ஸ்டேஷன் விசாரணையின் கைவண்ணம்.

"கடை மூடியாச்சு" என்றான்.

"கதவு திறந்திருக்கே?" என்றார் அத்தை.

"உங்களுக்கு மூடியாச்சு. அந்தம்மா அனுப்பின ஆளுங்கதானே? என்னைத் தூக்குல போடணும், அவ்ளோதானே அதுக்கு? போய்ச் சொல்லுங்க. மாஸ்டர் இருக்கற வரைக்கும் என் தலையில ஒரு மயிரும் உதிராது."

"ஐயா, உதிர்றதுக்கு இருந்தாத்தானே?" மாப்பிள்ளை அவன் மொட்டைத் தலையைப் பார்த்துச் சொல்லிவிட்டான். சொன்னதும் ஓரடி பின்னால் போனான். டிரைவர் எழுந்தபோது கடையின் வெளிச்சமே மறைந்தது.

அத்தை நடுவில் புகுந்தார். "தம்பி, உங்க திமிங்கிலத்தைப் பாத்துட்டு வர்றேன். படத்துல வால் இல்லையே?"

ஓங்கிய கை அப்படியே நின்றது. தன் முதுகைப் பற்றிப் பேசினால் அவனுக்கு வேறு ஆள் முகம் வந்துவிடும் போல. "வால் முந்தாநாள் போட்டது" என்று திரும்பி நின்றான். இடுப்புக்கு மேலே, இன்னும் சிவப்பு மாறாத தோலில், வால் இரண்டு இலை மாதிரி விரிந்திருந்தது. கோடுகள் கண்ணாடியில் கீறியதுபோல் சுத்தமாக இருந்தன. நிழல் கோடுகள் இடப்பக்கம் சாய்ந்திருந்தன.

"கடலையே பாத்ததில்ல நான். ஜெயில்ல ஒரு புத்தகத்துல இதைப் பாத்தேன். எவ்ளோ ஆழம் போனாலும் மூச்சு விட மேல வந்துதான் ஆகணுமாம். பிடிச்சுப்போச்சு. அவனவன் என்னைக் கண்டா ரவுடின்னு ஒதுங்கிப் போவான். மாஸ்டர் மட்டும்தான் உக்கார வெச்சு, உனக்கு என்ன வேணும்னு கேட்டாரு."

"ரொம்ப வலிச்சிருக்குமே?"

"தலை போட்டப்ப உயிர் போச்சு. அது பல வருஷம் முன்னாடி. அவரு கை அப்பல்லாம் பாறாங்கல். இப்ப இறகு மாதிரி. குத்தறதே தெரியாது, தூங்கிடுவேன். தொழில் முத்த முத்தக் கை லேசாகும் போல."

"குத்தும்போது பேசிக்கிட்டே இருப்பாரா?"

"ஊசி கையில இருந்தா வாயே திறக்க மாட்டாரு. படுக்க வைக்கும்போது ரெண்டு வார்த்தை, முடிஞ்சதும் ரெண்டு வார்த்தை. இப்பல்லாம் முதுகு மட்டும்தான் எடுக்கறாரு, தெரியுமா? கை, கழுத்துன்னு சில்லறை வேலைக்கெல்லாம் வர்றவனைத் துரத்திடுவாரு. பெரிய கலைஞன்னா அப்படித்தான்."

அத்தை மாப்பிள்ளையைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வை வந்தால் சும்மா இருக்க வேண்டும் என்று அவனுக்குத் தெரியும்.

உள்ளே ஒரே அறை. நடுவில் தோல் மெத்தை போட்ட நீளமான மேஜை, தலை வைக்கிற இடத்தில் முகத்துக்கு ஓட்டை. குப்புறப் படுத்தால் தரையைத் தவிர வேறெதுவும் தெரியாது. சுவர் நிறையப் புகைப்படங்கள். மங்கிப்போன பழைய படங்களில் கை, மார்பு, கழுத்து, கணுக்கால். புதுப் படங்களில் முதுகு, முதுகு, முதுகு.

மாஸ்டர் பனைமரம் மாதிரி உயரம். நரைத்த தாடி. வலது கையைக் கால்சட்டைப் பையில் விட்டபடியே நின்றார். ஓரத்தில் அவருடைய மனைவி தொட்டியில் தட்டுகளைக் கழுவிக்கொண்டிருந்தாள். குள்ளமான, வற்றலான பெண். ஏப்ரனில் மைக்கறை. வந்தவர்களை ஒரு தரம் பார்த்துவிட்டு, தண்ணீரை இன்னும் வேகமாகத் திறந்துவிட்டாள்.

"போலீஸ்கிட்டச் சொன்னதைத்தான் உங்ககிட்டயும் சொல்வேன். அவன் இங்கதான் இருந்தான். நான்தான் குத்தினேன். கெளம்புங்க" என்றார் மாஸ்டர்.

"விசாரிக்க வரலீங்க. வேலையா வந்தோம்." அத்தை சட்டென்று மாப்பிள்ளையின் சட்டைக் கையை முழங்கைக்கு மேல் சுருட்டினார். உள்பக்கத்தில் கோணல்மாணலாகப் பச்சையில் ஒரு பெண்ணின் பேர். அவர் மகளின் பேர் இல்லை.

மாப்பிள்ளைக்கு வேர்த்துவிட்டது. வீட்டில்கூட முழுக்கைச் சட்டையோடு திரிகிறவன் அவன். "அத்தை... இது... காலேஜ்ல..."

"கல்யாணத்தன்னைக்கே பாத்துட்டேன். பாவம், சின்னப் புத்தின்னு விட்டுட்டேன்." அத்தை மாஸ்டர் பக்கம் திரும்பினார். "என் பொண்ணு கண்ணுல படறதுக்குள்ள இதை அழகா மறைச்சுத் தரணும்."

"கையில பண்றதில்ல."

"ஏன்?"

"என் இஷ்டம்."

"ரெண்டு நேர்கோடு போதுங்க."

"பண்றதில்லன்னா பண்றதில்ல!" மாஸ்டரின் குரல் சுவரில் மோதியது. டிரைவர் உள்ளே வந்து கதவை மறித்து நின்றான். தொட்டியில் தண்ணீர் நின்றுவிட்டிருந்தது.

அத்தை அவசரமே இல்லாமல் மேஜையோரம் கிடந்த வட்ட ஸ்டூலில் உட்கார்ந்தார். அவர் குள்ளம்தான். கால் சரியாகத் தரையில் பட்டது. "நல்லா வாட்டமா இருக்கே. இவ்ளோ உயரமா இருந்துட்டு இதுல எப்படிங்க நாள் பூரா உக்காருவீங்க? முட்டி தாடையில இடிக்காதா? மெஷினை ஓட்டற மிதிகட்டையும் இடது கால் பக்கம் கெடக்கு." பிறகு பேச்சுப்போக்கில் சொல்கிற மாதிரி ஒரு ஊசி ஏற்றினார். "வெளியில பேசிக்கறாங்க. மாஸ்டருக்குக் கை போயிடுச்சு, பழைய பேரை வெச்சு ஓட்டறாருன்னு. நான் நம்பலை. ஆனா நீங்க இப்படிக் கத்தறதைப் பாத்தா..."

"எவன் சொன்னான்?"

"எல்லாரும்தான்."

"மாஸ்டர், போட்டுக் காட்டுங்க! இந்த நாக்கு நீண்டவன் கையில ஒரு கோடு போட்டு மூஞ்சியில அடிங்க!" என்று டிரைவர் கத்தினான். அவனுக்குச் சந்தேகமே இல்லை. அதுதான் மாஸ்டரை மாட்டிவைத்தது. விசுவாசமாக ஒருவன் கண்ணெதிரில் நிற்கும்போது முடியாது என்று எப்படிச் சொல்வது?

"அத்தை, ஒரு நிமிஷம். என் கை எனக்கு..." என்று மாப்பிள்ளை ஆரம்பிப்பதற்குள் டிரைவர் அவன் தோளை அழுத்தி உட்காரவைத்துவிட்டான்.

மாஸ்டர் புது ஊசியைப் பிரித்துப் பொருத்தினார். அதற்கே நேரம் பிடித்தது. மெஷின் வண்டுபோல் இரைந்தது. வலது கையை இடது கையால் தாங்கிப் பிடித்துக்கொண்டு குனிந்தார். ஊசி தோலில் பட்டதும் மாப்பிள்ளை கண்ணை இறுக மூடினான். தேள் கொட்டியது. கொட்டிக்கொண்டே போனது. நின்றபோது கண்ணைத் திறந்து பார்த்தான்.

நேர்கோடு போட வேண்டிய இடத்தில், குடித்துவிட்டு நடந்தவனின் காலடித் தடம் மாதிரி ஒரு கோடு. பழைய காதலியின் பேரைக் குறுக்கே அடித்துக்கொண்டு ஆடி ஆடிப் போயிருந்தது.

மெஷின் இன்னும் மாஸ்டரின் கையில் இரைந்தது. அந்தக் கை நடுங்குவதை இப்போது எல்லோரும் பார்த்தார்கள்.

"இன்னைக்கு... மனசு சரியில்ல" என்றார்.

"முந்தாநாள் வால் போட்டது இந்தக் கை இல்ல மாஸ்டர். அலை போட்டதும் இந்தக் கை இல்ல. அந்தக் கோடெல்லாம் இடது கைக்காரங்க இழுத்தது. தலை மட்டும்தான் உங்களுது" என்றார் அத்தை. இப்போது அவர் குரலில் டீச்சர் வந்திருந்தார். "இப்பல்லாம் முதுகு மட்டும்தான் எடுக்கறீங்களாம். கை, கழுத்துன்னா படுத்திருக்கறவன் கண்ணுக்குக் குத்தறது யாருன்னு தெரிஞ்சிடும். முதுகுன்னா தெரியாது. ஊசி இருக்கும்போது ஏன் பேச்சே இல்ல? அங்க நீங்களே இல்ல. அதான்."

டிரைவரின் வாய் பாதி திறந்திருந்தது. "என்னம்மா சொல்ற நீ?"

"தம்பி, நாங்க எல்லாருமே தலைகீழாப் பாத்தோம். மாஸ்டர் உங்களுக்குச் சாட்சின்னு நினைச்சோம். இல்ல. நீங்கதான் மாஸ்டருக்குச் சாட்சி. அன்னைக்கு மதியம் நீங்க இந்த மேஜையில கெடந்தது நிஜம். உங்களைப் படுக்க வெச்சிட்டு அவரு பின்கதவு வழியாப் போனதுதான் உங்களுக்குத் தெரியாது."

"ஏய்!" மாஸ்டர் மெஷினைத் தூக்கி எறிந்தார். அது சுவரில் மோதி அடங்கியது. "நான் குத்தலைன்னா வேற யாருடி குத்தினது? இவளா?" கையை நீட்டி மனைவியைக் காட்டிச் சிரித்தார். பார்க்கச் சகிக்காத சிரிப்பு. "இவளுக்கு ஒரு கோடு ஒழுங்கா இழுக்கத் தெரியுமா? தரை பெருக்கறவ. ஊசி டப்பா கொட்டறவ. இவளைப் போயி..."

தொட்டியோரம் நின்றவள் கையை ஏப்ரனில் துடைத்தாள். முதலில் இடது கை, பிறகு வலது கை.

"ஆமா. ஊசி டப்பா கொட்டறவதான்" என்றாள்.

குரல் மெதுவாகத்தான் இருந்தது. மாஸ்டரின் சிரிப்பு நின்றுபோனது.

"பழைய ஊசி போடற டப்பாவுல எவனும் கை விட மாட்டான்னு அதுக்குள்ள போட்டீங்க. அதைக் கொட்டறது யாருன்னு மறந்துட்டீங்க." ஏப்ரன் பையிலிருந்து ஒரு துணிப் பொட்டலத்தை எடுத்துப் பிரித்தாள். உள்ளே பித்தளைத் தகடு, ஒரு மூலை மடங்கிப்போய். மேலே டிரைவரின் பேர். அதன் கீழே, பச்சை குத்தியவர் என்ற இடத்தில், அவளுடைய பேர்.

மாஸ்டர் அதைப் பிடுங்கப் பாய்ந்தார். டிரைவர் அவர் கையை எட்டிப் பிடித்தான். பெரிய கைக்குள் அந்தக் கை துடித்தது.

"இந்தக் கைக்காகவா நான் ஸ்டேஷன்ல அடி வாங்கினேன்?" என்றான் டிரைவர். அவன் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை என்று மாப்பிள்ளைக்குத் தோன்றியது.

அவள் அத்தையைப் பார்த்துச் சொன்னாள். கண்ணீர் எல்லாம் இல்லை. கோபம்தான் இருந்தது, அதுவும் எல்லோர் மேலும்.

"போட்டோக்காரர் கண்டுபிடிச்சிட்டாரு, உங்களை மாதிரியே கோட்டை வெச்சு. என் பேரைப் போடட்டுமான்னு கேட்டாரு. முடியாதுன்னேன். திரும்பத் திரும்ப வந்து கேட்டாரு. ஒருநாள் சரின்னுட்டேன். புருஷனுக்குத் தெரியாம எதுக்குன்னு அன்னைக்குக் காலையில நானே இவருகிட்டச் சொன்னேன். சிரிச்சாரு. 'நல்லதுதானே, எத்தனை நாளைக்கு ஒளிஞ்சிருப்பே'ன்னாரு. நான் நம்பினேன். 'நீ வாலை ஆரம்பி, நான் கைக்கு வைத்தியம் பாக்கறவருகிட்டப் போயிட்டு வந்துடறேன்'னு போனாரு. சட்டையை நனைச்சுக்கிட்டு வந்தாரு. வழியில குழாய் உடைஞ்சிருந்துச்சாம்."

"அப்பவே சொல்லியிருக்கலாமேம்மா" என்றார் அத்தை.

"சொல்லிட்டு? நீங்க வந்து சோறு போடுவீங்களா? இத்தனை வருஷம் இவருக்கு நான் கையா இருந்தேன். கையைத் தனியாப் பேசச் சொன்னா எப்படிப் பேசும்?" கணவரைத் திரும்பிப் பார்த்தாள். "இப்பக்கூட, 'இவதான் போட்டா, ஆனா நான் கொல்லலை'ன்னு சொல்லியிருந்தா வாயை மூடிக்கிட்டு இருந்திருப்பேன். உங்களால அதைச் சொல்ல முடியலை இல்ல? தூக்குக்குப் பக்கத்துல நிக்கும்போதும் சொல்ல முடியலை. அந்த முதுகு என்னுது. வாலு என்னுது, அலை என்னுது. இந்தச் சுவத்துல இருக்கற புதுப் படம் அத்தனையும் என்னுது."

மாஸ்டர் தோல் மேஜையின் விளிம்பில் உட்கார்ந்தார். பனைமரம் பாதியில் முறிந்த மாதிரி இருந்தது. "தகட்டை எடுத்துட்டு வரத்தான் போனேன்" என்றார் தரையைப் பார்த்து. "ஏணி மேல நின்னுக்கிட்டு வேற படம் மாட்டிட்டு இருந்தான். தகட்டைக் கழட்டுன்னேன். மாட்டேன்னான். 'தலை உங்களுது மாஸ்டர், உடம்பு அவங்களுது'ன்னான். என்னைப் பாத்துப் பரிதாபப்பட்டான். அதுதான்... அதைத்தான் தாங்க முடியலை. கேமரா ஸ்டாண்டு கைக்கு எட்டுச்சு."

மாப்பிள்ளை இன்ஸ்பெக்டருக்குப் போன் போட்டான். "சார், கோடெல்லாம் கோர்ட்டுல எடுபடாதுன்னீங்களே. எடுபடற கோடு ஒண்ணு என் கையில இருக்கு. எரியுது, சீக்கிரம் வாங்க."

இன்ஸ்பெக்டர் வந்தார். தகட்டைப் பார்த்தார், மாப்பிள்ளையின் கையைப் பார்த்தார், அத்தையை மட்டும் பார்க்கவில்லை. மாஸ்டரை ஜீப்பில் ஏற்றினார்கள். தெருவில் கூடிய கூட்டத்தில் யாரோ, "பச்சை குத்தறவன்னா இப்படித்தான்" என்றார்கள். இன்னொருவர் ஆமோதித்தார்.

அத்தை போட்டோக்காரரின் அக்காவை அழைத்து நடந்ததைச் சொன்னார். "நான் உங்களுக்குக் குடுத்த வேலை இது இல்ல" என்றாள் அவள். பிறகு கேட்டாள், "அப்ப, மேடையில ஏத்தறேன்னு சொன்ன பொண்ணு..."

"இவங்கதான்."

போன் வைக்கப்பட்டது.

கடையில் மாஸ்டரின் மனைவி கீழே கிடந்த மெஷினைப் பொறுக்கி எடுத்து மேஜை மேல் வைத்தாள். வாக்குமூலம் எழுத ஸ்டேஷனுக்கு வரச் சொல்லியிருந்தார்கள். ஏப்ரனைக் கழற்றி மாட்டினாள். டிரைவர் இன்னும் போகவில்லை. சட்டையைக் கையில் சுருட்டிப் பிடித்துக்கொண்டு கதவருகே நின்றான்.

"ரெண்டு பேரும் சேர்ந்து என்னை ஏமாத்திட்டீங்க. அவருதான் குத்தினாருன்னு அடிச்சுச் சத்தியம் பண்ணினேன். கேனையன் மாதிரி" என்றான்.

"ஆமா" என்றாள் அவள்.

"மன்னிச்சுக்கன்னுகூடச் சொல்ல மாட்டியா?"

"சொன்னா முதுகுல இருக்கறது மாறிடுமா?"

அவன் வாசலுக்கு வெளியே எட்டித் துப்பினான். படியிறங்கினான். உச்சி வெயில் தெருவைப் பொசுக்கிக்கொண்டிருந்தது.

"புண்ணு இன்னும் ஆறலை. வெயில் படவிடாத. சோப்பு போடாத. அரிச்சா சொறியாத" என்றாள் அவள் அவன் முதுகைப் பார்த்து.

அவன் திரும்பவில்லை. விறுவிறு என்று நடந்தான். மாப்பிள்ளை எரிகிற கையை ஊதிக்கொண்டே பார்த்துக்கொண்டிருந்தான். தெருமுனைக்குக் கொஞ்சம் முன்னால் டிரைவர் நின்றான். சுருட்டியிருந்த சட்டையை உதறி, முதுகில் உராயாதபடி இரண்டு கையாலும் பின்னால் தூக்கிப் பிடித்து நிழல் கட்டிக்கொண்டு, மெதுவாக நடந்து போனான்.